தமயந்தி கடை பெல்ட்டு

கேட்டைச் சாத்திட்டு வாங்க தம்பி, இல்லாட்டித் தெரு மாடு உள்ள பூந்து செடியை மேஞ்சுரும். வேன் பாக்க வந்தவருதானுங்க? போன்ல பேசுனது எங்கூட்டுக்காரரு. முடி வெட்டப் போயிருக்காரு, வர்ற நேரந்தான். அந்தச் சேர்ல உக்காராதீங்க, அதுக்கு ஒரு காலு ஆடும். இதுல உக்காருங்க. இந்தாங்க, தண்ணி குடிங்க.

எந்த ஊருங்க? ஊத்துக்குளியா. குழந்தைங்க? ரெண்டா. அப்ப வேன் வேணுமுங்க. ரெண்டு குழந்தையையும் சம்சாரத்தையும் பைக்குல முன்னயும் பின்னயும் ஒட்டவெச்சுட்டு எத்தனை நாளைக்குப் போவீங்க. அதா, வேப்பமரத்தடியில நிக்குதே, அதுதான். சீட்டு உறை பூராவும் நானே தெச்சது. உள்ள ஒரு கறை இருக்காது.

ஆனா தம்பி, பொய் சொல்லி விக்கக்கூடாதுங்க. அவரு ஒண்ணும் சொல்லமாட்டாரு. வண்டிக்கு நல்லதும் சொல்லமாட்டாரு, கெட்டதும் சொல்லமாட்டாரு. நீங்க கேட்டா தலையை மட்டும் ஆட்டுவாரு. அதனால நான் சொல்லிப்புடறேன். இந்த வேனுக்கு ஒரே ஒரு கோளாறு. ஃபேன் பெல்ட்டு. மாட்ட மாட்ட அறுந்துரும். இப்ப இல்லீங்க, பயப்படாதீங்க. இப்பச் சரியாயிருச்சு. சரியானதுதான் இப்பப் பிரச்சினையே.

என்ன அப்படிப் பாக்கறீங்க? அவரு வர்ற வரைக்கும் சும்மாதானே உக்காந்திருக்கோணும். கேளுங்க.

அவரு பேரு சென்னியப்பன். இங்க காங்கயத்துலதான், எண்ணெய் மில்லுல சூப்பர்வைசர். காலையில மொபெட்ல போவாரு, சாயங்காலம் வருவாரு, சாப்புடுவாரு, டிவி பாப்பாரு, படுத்துக்குவாரு. குடி கிடி ஒண்ணும் கிடையாதுங்க. பேச்சும் கிடையாது. ஒரு வீட்டுல ஒருத்தராச்சும் பேசோணுமில்லீங்க, அதனால பேச வேண்டியதெல்லாம் நானே பேசிக்குவேன். எங்க போறீங்க, எப்ப வருவீங்க, கூட யாரு வர்றாங்க, சாப்பாடு அங்கயா இங்கயா. இவ்வளவுதான் கேப்பேன். கேட்டது ஒரு குத்தமாங்க?

மொத மொதல்ல பெல்ட்டு அறுந்தது ஒரு காதுகுத்துக்குப் போகையில. வெள்ளகோயில் பக்கம், நல்ல வெயில். வண்டியில டப்புன்னு ஒரு சத்தம், செவப்பு லைட்டு எரியுது, கொஞ்ச தூரத்துல ஒரே சூடு. இந்த வண்டிக்கு இஞ்சின் சீட்டுக்கு அடியிலதானுங்க. அடுப்பு மேல உக்காந்த மாதிரி இருந்துச்சு. இறங்கிச் சீட்டைத் தூக்கிப் பாத்தா பெல்ட்டு நாரு நாராக் கெடக்குது. வழியில போன ஒருத்தர் பைக்குல ஏறி இவரு காங்கயத்துக்கே திரும்பிப் போனாரு, தாராபுரம் ரோட்டுல ஏதோ ஸ்பேர் பார்ட்ஸ் கடையாம். நான் பட்டுச்சேலையோட புளியமரத்தடியில உக்காந்திருக்கேன். போனவரு வரவே இல்லை. வந்தாருங்க ஒரு வழியா, கையில பெல்ட்டோட.

மூஞ்சியைப் பாத்தேன். சிரிச்ச மூஞ்சி.

வெயில்ல போயிட்டு வந்த மனுசன் எரிஞ்சு விழுந்தா நியாயம். இவரு எதையோ நெனச்சுத் தனக்குள்ளயே சிரிச்சுக்கறாரு. என்னுங்க இவ்வளவு நேரம்னு கேட்டேன். "தமயந்தியம்மா டீ வாங்கிக் குடுத்தாங்க"ன்னாரு. தமயந்தியம்மா! யாருங்க அதுன்னா, கடைக்காரம்மாவாம். "நல்ல மனுசி"ன்னு வேற சொன்னாரு. தம்பி, எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு பொண்ணைக் கட்டிக் குடுத்தாச்சு. இத்தனை வருசத்துல எஞ் சமையலை ஒரு நாள் நல்லாருக்குதுன்னு சொன்னதில்லை. ஒரு டீக்கு நல்ல மனுசியாம். நான் ஒண்ணும் சொல்லலை.

அதுக்கப்புறம் பெல்ட்டு அறுந்துட்டே இருந்துச்சு. கோயிலுக்குப் போனா அறுந்துரும். பொண்ணு வீட்டுக்குப் போனா வர்ற வழியில கீச்சு கீச்சுன்னு கத்தும், மறுநாள் பாத்தா ஓரமெல்லாம் பிஞ்சு கெடக்கும். அறுந்தா இவரு மூஞ்சி சுளிக்கோணுமில்லீங்க? சுளிக்கமாட்டாரு. குளிச்சுச் சட்டையை மாத்திட்டுக் கெளம்பிருவாரு. பெல்ட்டு வாங்கப் போறதுக்கு எதுக்குங்க வெள்ளைச் சட்டை? கடைக்குப் போனா ஒரு சாயங்காலம் பூரா அங்கதான். திரும்பி வரும்போது வாய்க்குள்ள ஏதோ பாட்டு முணுமுணுப்பாரு. என்னைப் பாத்ததும் பாட்டு நின்னுரும்.

எனக்குச் சோறு எறங்கலைங்க.

அந்தத் தமயந்தி எப்படி இருப்பாள்னு படுத்துட்டே நெனச்சுப் பாப்பேன். செவப்பா இருப்பா. தலை நெறையப் பூ வெச்சிருப்பா. மேசை மேல கையை ஊணிட்டு, "வாங்கண்ணா, பெல்ட்டா"ம்பா. அண்ணாங்கறதெல்லாம் சும்மா. எம் பொண்ணு சௌமியாகிட்டப் போன்ல சொன்னேன். "எங்கப்பாவாம்மா?"ன்னு கேட்டுட்டுச் சிரிக்கறா, சிரிக்கறா, நிறுத்தவே இல்லை. அந்தச் சிரிப்புதான் எனக்கு ஆறலைங்க. ஏன், எம் புருசனுக்கு என்ன கொறைச்சல்? இந்த வயசுலயும் ஒரு நரை இல்லை, தொப்பை இல்லை. எவளும் திரும்பிப் பாக்கத்தான் செய்வா.

அப்புறம் எனக்கு இன்னொண்ணு தோணுச்சு. இவரே அறுத்து விடறாரோ? இல்லாட்டி ஒரு பெல்ட்டு இத்தனை தடவையா அறுகும்? பக்கத்து வீட்டுல இதே வேன்தான், பழைய வண்டி, அவிய பெல்ட்டுப் பேச்சே பேசுனதில்லை. இவரு வண்டி கழுவும்போது நான் ஜன்னல் ஓரமா நின்னு பாப்பேன். கத்தி கித்தி எடுக்கறாரான்னு. ஒண்ணும் எடுக்கலை. அவரு மில்லுக்குப் போன பொறகு டார்ச் அடிச்சுச் சீட்டைத் தூக்கிப் பாப்பேன். பெல்ட்டோட ஒரு பக்கம் மட்டும் எலி கொறிச்ச மாதிரி இருக்கும். எனக்கு என்ன தெரியும் இஞ்சினைப் பத்தி. வாசம் வருதான்னு மோந்துகூடப் பாத்தேன். சிரிக்காதீங்க தம்பி.

சரி, இதுக்கு ஒரு முடிவு கட்டோணும்னு ஈரோட்டுக்குப் போனப்ப நானே ஒரு பெல்ட்டு வாங்கிட்டு வந்தேன். நல்லாக் கெட்டியா இருந்துச்சு, தமயந்தி கடைப் பெல்ட்டை விடக் கெட்டி. இவரு கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "நம்பர் பாத்து வாங்குனியா?"ன்னாரு. பெல்ட்டுல என்னுங்க நம்பரு, கறுப்பா வட்டமா இருந்தா பெல்ட்டுதானுங்களேன்னேன். எங்க தெருமுனையில மெக்கானிக் இருக்காரு, அவரு மாட்டி உட்டாரு. கொஞ்சம் தொளதொளன்னு இருக்குதுங்கம்மான்னாரு. இழுத்து முறுக்குங்கன்னேன். முறுக்குனாரு. அவ்வளவுதான். கடைக்குப் போற வேலையே இல்லாமப் பண்ணிட்டேன் பாத்தீங்களா.

இப்பத்தான் விசயத்துக்கு வர்றேன். என் தம்பி கல்யாணம்.

எங்க வீட்டுல நான் பெரியவ, அவன் கடைசி. எங்கம்மா போனப்ப அவன் சின்னப் பையன், நான்தான் இடுப்புல தூக்கி வளத்துனேன். பொண்ணு தேடித் தேடி, ஜாதகம் பொருந்தாம, தலையில பாதி முடி போன பொறகு இப்பத்தான் அமைஞ்சுது. எங்க பக்கத்துல இணைச்சீருன்னு ஒண்ணு உண்டில்லீங்க? மாப்பிள்ளை பக்கத்துல கூடப்பொறந்தவ உக்காந்து செய்யற சீரு. அந்தச் சீருக்கு உக்காரத்தான் நான் இத்தனை வருசமாக் காத்துட்டு இருந்தேன். அதுக்குன்னு ஒரு சேலை எடுத்து, நல்லாருக்குதான்னு கட்டிப் பாத்து, மடிச்சு வெச்சு, மறுபடியும் எடுத்துக் கட்டிப் பாத்து... உங்களுக்கு அக்கா இருக்குதுங்களா? இருந்தாத் தெரியும்.

முந்தின நாள் சாயங்காலம் சீரு. மண்டபம் முத்தூரு தாண்டி. சீர்த்தட்டு, பழம், பலகாரம் எல்லாம் வேன்ல ஏத்திட்டுக் கெளம்பறோம். முத்தூருக்கு இன்னும் பாதித் தூரம் இருக்கையில டப்புன்னுச்சு. நல்ல நேரம் ஓடிட்டு இருக்குது. ரோட்டுல ஒரு வண்டி நிக்கலை. மண்டபத்துல இருந்து கார் அனுப்பறோம்னாங்க, அந்தக் கார் வேற வழியில போயிருச்சு. என் தம்பி போன் பண்றான். "அக்கா, எங்கக்கா இருக்கற?" வந்துட்டேன் சாமி, வந்துட்டேன்ங்கறேன். மறுபடி போன். "அருமைக்காரர் நேரம் போகுதுங்கறாரு அக்கா." சீரைச் செய்யறவரு அவருதானுங்க, அவரு சொன்னாச் சொன்னதுதான். அப்புறம் அவனே மெதுவாச் சொன்னான், "சித்தப்பா பொண்ணு பத்மினியை உக்கார வெக்கறோம் அக்கா, கோவிச்சுக்காதே."

பத்மினி! அவன் பொறந்தப்ப அவளுக்கு நடக்கவே தெரியாது. அவ உக்காந்துட்டா. போட்டோவுல எல்லாத்துலயும் அவதான். நான் ரோட்டோரத்துல.

நான் அழுதேன். சீர்த்தட்டுக்குப் பக்கத்துல மண்ணுல உக்காந்து அழுதேன். இவரு ஒரு ஓரமா நின்னு வண்டியப் பாத்துட்டு இருக்காரு. ஒரு வார்த்தை. "அழுகாதே"ன்னு ஒரு வார்த்தை. "உன்னாலதான்"னாவது சொல்லலாமுல்ல, நான் திருப்பிப் பேசியிருப்பேன். அதுவும் இல்லை. கல்லு மாதிரி நிக்கறாரு. எம் மேல என்னுங்க தப்பு? பெல்ட்டுதான் அறுந்துச்சு. அந்தத் தமயந்தி கண்ணு வெச்சது. அவ கடையில வாங்கலைன்னு அவளுக்கு வயித்தெரிச்சல்.

கல்யாணம் முடிஞ்சு வந்த மறுவாரம் இவரு மில்லுல இருந்து நேரா தாராபுரம் ரோட்டுக்குப் போறேன்னு போன்ல சொன்னாரு. "பெல்ட்டு." அந்த ஒரே வார்த்தைதான். இன்னைக்கு விடக்கூடாதுன்னு நானும் கெளம்புனேன். சும்மா போகலைங்க. அந்த இணைச்சீர்ச் சேலையையே கட்டுனேன். கழுத்துல கையில இருக்கறதெல்லாம் போட்டுட்டு, ஆட்டோ வெச்சுப் போனேன். அவ பாக்கட்டும்னுதான். யாரு சம்சாரம்னு தெரிஞ்சுக்கட்டும்.

போயி எறங்கறேன். சின்னக் கடை. பெல்ட்டெல்லாம் பாம்பு மாதிரி ஆணியில தொங்குது. உள்ள ஒரு பொம்பளை, எனக்கு அக்கா மாதிரி இருக்கறா. கண்ணாடிக்குக் கயிறு கட்டிக் கழுத்துல போட்டிருக்கறா, முழங்கை வரைக்கும் கிரீஸு, தலை பூரா நரை. டப்பாவுல இருந்து தயிர்சோறு தின்னுட்டு இருந்தா. வேலைக்காரியாட்ட இருக்குதுன்னு நெனச்சுட்டு, "ஏனுங்க, இங்க தமயந்திங்கறது யாருங்க?"ன்னு அதட்டிக் கேட்டேன்.

அந்தம்மா கரண்டியை வெச்சுட்டு என்னையே பாக்குது. "சரசக்காதானுங்க?"ன்னு கேக்குது.

எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. எம் பேரு சரசாத்தா. இதுக்கு முன்னால அவளை நான் பாத்ததே இல்லை. "எம் பேரு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பேச்சைக் கேட்டதும் தெரிஞ்சுருச்சுங்க்கா." சொன்னவ நாக்கைக் கடிச்சுக்கிட்டா. பின்னாடி தகரத் தடுப்பு ஒண்ணு, அதைத் திரும்பிப் பாத்தா. "நீங்க வீட்டுக்குப் போங்க்கா. நான் இப்பவே அண்ணனை அனுப்பி உடறேன்."

ஓகோன்னு நெனச்சேன். அப்ப அண்ணன் உள்ளதான் இருக்குது. தடுப்புக்குப் பின்னால. நான் ஒரு எட்டு வெச்சேன். அப்பத்தான் கேட்டுச்சு.

என் குரலுங்க தம்பி. நான் இங்க நிக்கறேன், என் குரல் உள்ள இருந்து பேசுது.

"ஏனுங்க, எங்க போறீங்க? பெல்ட்டுக்கா? பெல்ட்டுக்குப் போறதுக்கு எதுக்குங்க வெள்ளைச் சட்டை? நான் ஒண்ணும் சொல்லலை. கேட்டது ஒரு குத்தமாங்க? மோரு வெச்சிருக்கேன், குடிச்சுட்டுப் போங்க. குடிக்கலையா? சரி போங்க. நான் ஒண்ணும் சொல்லலை. ஏனுங்க, போயிட்டீங்களா? போனவரு எதுக்குங்க பதில் சொல்றீங்க?"

உள்ள ஆம்பளைங்க சிரிக்கறாங்க. வயித்தைப் புடிச்சுட்டுச் சிரிக்கற சிரிப்பு. தகரத்துல ஒரு ஓட்டை இருந்துச்சு, கண்ணை வெச்சேன். இவருதான். துண்டை முந்தானை மாதிரி தோளுல போட்டு, இடுப்புல ஒரு கையை வெச்சுட்டு, தலையைச் சாச்சு நிக்கறாரு. நான் அப்படியா நிக்கறேன்? தெரியலை. இருக்கலாம். பழைய டயர் மேல ஒருத்தரு உக்காந்து கண்ணைத் தொடைச்சுட்டு இருக்காரு, டெம்போ ஓட்டறவரு ஒருத்தரு செவுத்துல சாஞ்சுட்டுச் சிரிக்கறாரு. கடைசியில எங்கூட்டுக்காரரும் சிரிச்சாருங்க. வாய் நெறைய, பல்லெல்லாம் தெரிய. அவருக்குக் கடவாய்ப் பல்லு ஒண்ணு இல்லைங்கறதே எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

அந்த ஆளை எனக்குத் தெரியாதுங்க. அவ்வளவு பேச்சு, அவ்வளவு சிரிப்பு. நான் கட்டிக்கிட்டது வேற யாரையோன்னு இருந்துச்சு.

தமயந்தி பக்கத்துல வந்து மெதுவா, "டயர் மேல உக்காந்திருக்கறது எங்கூட்டுக்காரருங்க்கா. பின்னால வெல்டிங் பட்டறை அவருதுதான். தப்பா எடுத்துக்காதீங்க"ன்னா. நான் கையைக் காட்டி அவளைப் பேசாம இருக்கச் சொன்னேன். உள்ள அவ புருசன் கேக்கறாரு, "அண்ணா, அந்தக் கல்யாணத்துக்குப் போன கதையைச் சொல்லுங்கண்ணா."

ஆரம்பிச்சாருங்க. "பெல்ட்டுல என்னுங்க நம்பரு, கறுப்பா வட்டமா இருந்தா பெல்ட்டுதானுங்களே!" ஒரே சிரிப்பு. நான் சேலையைக் கட்டிக் கட்டிப் பாத்ததைச் செஞ்சாரு. அதையெல்லாம் இவரு டிவி பாத்துட்டு இருக்கறாருன்னுதானே நான் நெனச்சேன். வேன்ல தட்டை ஏத்தும்போது நான் போட்ட சத்தம், டப்புன்னு அறுந்தது, போன்ல தம்பிகிட்ட நான் சொன்னது, "வந்துட்டேன் சாமி, வந்துட்டேன்." ஒரு வார்த்தை மாறலைங்க. மூச்சு எங்க விட்டேனோ அங்க விடறாரு.

அப்புறம் நிறுத்திட்டாரு. துண்டை எடுத்து மடிச்சாரு. அவரு சொந்தக் குரல்ல சொல்றாரு:

"அதுக்கப்புறம் அவ அழுதா. அது எனக்குச் செய்ய வராது."

டெம்போக்காரரு சாஞ்சிருந்த செவுத்தை விட்டு நிமிந்தாரு. இவரே சொல்றாரு, "பக்கத்துல போயித் தோளைத் தொடலாமான்னு பாத்தேன். தொடலை. சீர்ப் போட்டோவுல அந்தப் பொண்ணு உக்காந்திருக்கறதைப் பாத்து எனக்கே நெஞ்சு அடைச்சுப் போச்சு."

வெல்டிங்காரரு, "அக்காகிட்ட ஏதாச்சும் சொல்லியிருக்கலாமுல்லண்ணா"ங்கறாரு.

"அவகிட்ட எனக்குப் பேச்சு வராது"ன்னாரு.

தம்பி, நீங்களே சொல்லுங்க. ஒரு பொம்பளையா இருந்திருந்தா எனக்கு வழி தெரியும். மசுரைப் புடிச்சு ரோட்டுல இழுத்துப் போட்டிருப்பேன். இங்க யாரு மசுரைப் புடிக்கறது? டெம்போக்காரரு மசுரையா? எனக்கு வர வேண்டிய வார்த்தை அதெல்லாம். அன்னைக்கு ரோட்டோரத்துல எனக்கு வர வேண்டியது. அதைக் கொண்டு போயி கிரீஸு மூஞ்சிக்காரனுக்கெல்லாம் குடுத்திருக்கறாரு. அவிய நெஞ்சு அடைச்சுப் போயி உக்காந்திருக்கறாங்க, எனக்காக. நான் யாருன்னே தெரியாதவிங்க. வயிறு எரிஞ்சுதுங்க எனக்கு. தமயந்தி மேல எரிஞ்சதெல்லாம் ஒண்ணுமே இல்லை.

முன்னால வந்து தமயந்தியைக் கேட்டேன், ஏம்மா, இந்தப் பெல்ட்டு ஏன் இப்படி அறுகுதுன்னு. "பெல்ட்டு ஓடற சக்கரம், அந்தப் புல்லி வளைஞ்சிருக்குதுங்க்கா. அது வளைஞ்சிருந்தா எந்தப் பெல்ட்டு போட்டாலும் ஓரம் தேஞ்சு அறுந்துரும். மொத நாளே அண்ணன்கிட்டச் சொல்லிட்டேன், மாத்திரலாமுன்னு. இருக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்னாரு. திரும்பத் திரும்பச் சொன்னேன். அப்புறம் சொல்றதை விட்டுட்டேன்."

"ஏன் விட்ட?"ன்னேன்.

அவ சோத்து டப்பாவை மூடி வெச்சா.

நான் சந்தேகப்பட்டது சரிதான் பாத்தீங்களா? கத்தியெடுத்து அறுக்கலையே தவிர, அறுகட்டும்னுதானே விட்டு வெச்சிருக்கறாரு. அங்க போறதுக்கு. போகோணும்னாப் போக வேண்டியதுதானே, நான் என்ன கட்டியா போட்டிருக்கறேன்? எங்க போறீங்க, எதுக்குப் போறீங்க, யாரைப் பாக்கறீங்கன்னு கேப்பேன். அதுக்கு ஒரு பதில் சொல்லிட்டுப் போறது. அதுக்கு எதுக்குங்க ஒரு பெல்ட்டு?

அந்தப் புல்லியை அங்கயே வாங்கிட்டேன். தமயந்தி தயங்குனா, "அண்ணனை ஒரு வார்த்தை கேட்டுட்டு"ன்னா. எம் புருசன் வண்டிக்கு நான் வாங்கறேன், நீ எடுன்னேன். அவரு வெளிய வர்றதுக்குள்ள கெளம்பி வந்துட்டேன். மறுநாள் அவரு மில்லுக்குப் போனதும் மெக்கானிக்கைக் கூப்புட்டு மாத்தியாச்சு. நம்பர் பாத்துப் புதுப் பெல்ட்டும் போட்டாச்சு. அன்னையிலிருந்து இந்த வண்டியில ஒரு சத்தம் இல்லைங்க. பழனி போயிட்டு வந்தோம், சௌமியா வீட்டுக்குப் போயிட்டு வந்தோம், பூ மாதிரி ஓடுது.

நான் ஜெயிச்சுட்டேன்னு நெனச்சேன். இவரு சாயங்காலம் சாயங்காலம் வீட்டுலதான். ஆனா தம்பி, வண்டி எடுக்கும்போதெல்லாம் காதைக் குடுத்துக் கேப்பாரு, கீச்சுன்னு வருதான்னு. வராது. ஒரு ஞாயித்துக்கெழமை சீட்டைத் தூக்கிப் பாத்தாரு. புதுப் புல்லி பளபளன்னு இருக்குது. என்னைப் பாத்தாரு. நான் அரிசி பொடைச்சுட்டு இருந்தேன். சீட்டை எறக்கி வெச்சுட்டு உள்ள போயிட்டாரு. கோவமில்லை. கோவப்பட்டாத் தேவலையே.

முன்னயும் பேசமாட்டாருதான். ஆனா இது வேற. முன்ன அவரு பேசாம இருக்கையில எதையோ வேடிக்கை பாத்துட்டு இருப்பாரு. என்னைத்தான் பாத்துட்டு இருந்திருக்காருன்னு இப்பத்தானே தெரியுது. இப்பப் பாக்கறதும் இல்லை. நான் பேசறேன், செவுத்துல போயி விழுகுது.

ஒரு நாள் நானே சொன்னேன், தமயந்தி கடைப் பக்கம் போயிட்டு வாங்களேன்னு. "எதுக்கு?"ன்னாரு. சும்மாதான்னேன். "சும்மா எதுக்குப் போறது"ன்னுட்டு டிவி பக்கம் திரும்பிக்கிட்டாரு. இன்னொரு நாள் வெக்கத்தை விட்டுக் கேட்டுட்டேன். சாப்புட்டு முடிச்சு உக்காந்திருந்தாரு. ஏனுங்க, என்னைய மாதிரிப் பேசிக் காட்டுங்க பாக்கலாம்னேன். அவரு மூஞ்சி வெளுத்துப் போச்சு. "அப்படியெல்லாம் எனக்குத் தெரியாது"ன்னாரு. எந்திரிச்சுப் போயிப் படுத்துட்டாரு. நான் திட்டறதுக்குக் கேட்டேன்னு நெனச்சுட்டாரு. இல்லீங்க. நெசமாலுமே பாக்கோணும்னுதான் கேட்டேன்.

போன வாரம் சாப்புட்டுக் கை கழுவும்போது, "வேனை வித்துரலாம். இனி எதுக்கு"ன்னாரு. அவ்வளவுதான். பின்னாடிக் கண்ணாடியில விக்கறதுக்குன்னு பேப்பர்ல எழுதி ஒட்டிட்டாரு. நீங்க வந்துட்டீங்க.

வண்டி நல்ல வண்டிதான், வாங்கறதும் வாங்காததும் உங்க இஷ்டம். ஆனா எனக்கு ஒரு உதவி பண்ணுங்க தம்பி. ஓட்டிப் பாக்கோணும்னு சொல்லுங்க. யாரா இருந்தாலும் ஓட்டிப் பாக்காம வாங்குவாங்களா, சந்தேகப்படமாட்டாரு. அவரைப் பக்கத்துல உக்கார வெச்சுத் தாராபுரம் ரோட்டுப் பக்கம் போங்க. கீச்சுன்னு ஒரு சத்தம் வருதுங்களேன்னு சொல்லுங்க. எங்களுக்கு ஒண்ணும் கேக்கலைம்பாரு. எனக்குக் கேக்குதுங்க, யாராச்சும் தெரிஞ்சவிங்க பாத்துச் சொன்னாத்தான் வாங்குவேன்னு சொல்லுங்க. அவரே கூட்டிட்டுப் போயிருவாரு. மூஞ்சி எப்படி மாறுதுன்னு மட்டும் பாருங்க.

உள்ள உக்காரச் சொன்னா உக்காருங்க. டீ குடுத்தாக் குடிங்க, அவசரப்படாதீங்க. ரொம்ப நாளாச்சு, அவிய கேப்பாங்க. துண்டைத் தோளுல போட்டாருன்னாக் கவனிச்சுக்குங்க. நீங்களும்தான் இவ்வளவு நேரம் என் பேச்சைக் கேட்டிருக்கறீங்களே, உங்களுக்குத் தெரியும், நான் பேசற மாதிரியேதான் இருக்குதா, இல்லை கூட்டிச் சொல்றாரான்னு. எந்த எடத்துல சிரிக்கறாங்கன்னு பாருங்க. எந்த எடத்துல அவரு சிரிக்கறாருன்னு பாருங்க. வந்து எங்கிட்ட அப்படியே சொல்லோணும்.

நானே போயிப் பாத்துருவேனுங்க. அந்தத் தகர ஓட்டை எனக்குத் தெரியாததா? ஆனா என் சேலைத் தலைப்பு தெரிஞ்சாப் போதும், அவரு நிறுத்திப்புடுவாரு.

கேட்டு தெறக்கற சத்தம் கேக்குது. அவருதான். தண்ணியைக் குடிங்க, குடிங்க. நான் உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலை.